புதுப்பித்தபின் விழிக்க மறுக்கும் கணினி

“மாமா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு.”

கடந்த பள்ளி விடுமுறையில் ஓர் இரவு, கிள்ளானிலிருந்து என் அக்கா மகன் தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியம் இது. வணக்கம்கூட இல்லை. படிவம் நான்கில் படிக்கும் அவன், அறிவியல் விழாவுக்காக மூன்று மாதமாக மழையளவைப் பதிவு செய்துவந்தான். நாள்தோறும் காலையில் வீட்டு முற்றத்து மழைமானியைப் பார்த்து, எண்ணை ஒரே ஒரு அட்டவணைக் கோப்பில் ஏற்றுவான். அந்தக் கோப்பு இந்தக் கணினியில்தான் இருந்தது.

“வேறு எங்கேயாவது நகல் எடுத்து வைத்திருக்கிறாயா?” என்று கேட்டேன். மறுமுனையில் பேச்சில்லை.

நடந்தது இதுதான். கணினியோடு வந்த பராமரிப்புச் செயலி, முக்கியமான பயாஸ் புதுப்பிப்பு ஒன்று தயாராக இருப்பதாகச் சொன்னது. அவன் சரி என்று அழுத்தினான். கணினி அணைந்து எழுந்தது, ஒரு பட்டை நூறு விழுக்காடு வரை ஓடியது, மீண்டும் அணைந்தது. அதன்பின் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். ஆகவே அந்த இரவில் நாங்கள் போன வழியிலேயே உங்களையும் அழைத்துப் போகிறேன்.

முதல் கட்டளை எங்கே இருக்கிறது?

மின்பொத்தானை அழுத்தும் கணத்தில் செயலிக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சேமிப்பகம் எங்கே, விசைப்பலகை எது, நினைவகம் எவ்வளவு, எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. நம் மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலி, தன் முதல் கட்டளையை 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் தேடும். அந்த முகவரி, தாய்ப்பலகையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு சில்லுக்கு இட்டுச்செல்லும். எட்டுக் கால்கள் கொண்ட சில்லு; விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுக்கும் சில படங்கள் அதை நிரப்பிவிடும்.

அந்தச் சில்லில் எழுதப்பட்டிருக்கும் நிரல்தான் நிலைபொருள், அதாவது ஃபர்ம்வேர். மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையில் நிற்பதால் 1967-இல் ஆஷர் ஓப்லர் என்பவர் ‘டேட்டாமேஷன்’ இதழில் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். இன்றைய கணினிகளில் இருப்பது யூஈஎஃப்ஐ என்னும் புதுத் தலைமுறை நிலைபொருள். ஆனால் கடைக்காரர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லாரும் பயாஸ் என்ற பழைய பெயரிலேயே அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பயாஸ் முதலில் நினைவகத்தைத் தயார்செய்கிறது. பிறகு திரை, யூஎஸ்பி இணைப்புகள், சேமிப்பகம் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கிறது. கடைசியில் விண்டோஸின் தொடக்க நிரலைத் தேடி எடுத்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின்மேல் நிற்கிறது. அதனால் கணினி எழவில்லை என்றால் ‘எது கெட்டது?’ என்று கேட்பதைவிட ‘எந்தப் படிவரை போய் நின்றது?’ என்று கேட்பதே பயன் தரும். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வருகிறதா? வந்தால் நினைவகமும் திரையும் சரி. விண்டோஸ் சுழல் வட்டம் தெரிகிறதா? அப்படியானால் சேமிப்பகத்தையும் பயாஸ் கண்டுபிடித்துவிட்டது. திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் பல தாய்ப்பலகைகளில் செயலி, நினைவகம், திரையட்டை, தொடக்கம் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்தப் படியில் வேலை நடந்துகொண்டிருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது.

“பெட்டியின் கண்ணாடிப் பக்கம் வழியாகப் பார். ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா?” என்றேன்.

“ஆமா மாமா, மஞ்சள்ல. டி-ரேம்னு போட்டிருக்கு.”

“இதுவரை எத்தனை தடவை அணைத்து அணைத்துப் போட்டாய்?”

“ஆறேழு தடவை இருக்கும். ஒரு நிமிஷம் பார்ப்பேன், வராது, ஆஃப் பண்ணிடுவேன்.”

அங்கேதான் தவறு நடந்திருந்தது.

ஒரு பிட் ஓடும் தூரம்

அவனுடையது டிடிஆர்5 நினைவகம் உள்ள கணினி. டிடிஆர்5-4800 என்றால் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 480 கோடி பிட்டுகள் செல்கின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.2 நானோநொடி. வெற்றிடத்தில் ஒளியே அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். தாய்ப்பலகையின் செப்புத் தடத்தில் மின்குறிகை அதில் பாதித் தூரம் போனாலே பெரிது. ஆகவே ஒரு தடம் இன்னொன்றைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிட்டுகள் முன்பின்னாக வந்து சேரும்.

இதைச் சரிக்கட்ட, பயாஸ் ஒவ்வொரு தடத்திலும் மாதிரித் தரவை அனுப்பி, திரும்பப் படித்து, நேரத்தையும் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பொருத்தம் தேடுகிறது. நினைவகப் பயிற்சி என்று இதற்குப் பெயர். கிடைத்த விடைகளைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அன்றாடம் கணினி விரைவாக எழுகிறது. பயாஸ் புதுப்பிக்கப்பட்டதும் அந்தப் பழைய விடைகள் போய்விடுகின்றன. பயிற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நடுவில் கணினி தானாகவே ஓரிரு முறை அணைந்து எழவும் கூடும். அந்த நேரம் முழுவதும் திரை கறுப்பு, ஒரு செய்தியும் வராது. தயாரிப்பாளர்கள் ‘காத்திருக்கவும்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் திரைக்குப் படம் அனுப்பும் நிலையையே பயாஸ் இன்னும் எட்டவில்லை.

மருமகன் ஒவ்வொரு நிமிடமும் பொத்தானை அழுத்தி, பயிற்சியை முடிக்கவிடாமல் செய்துகொண்டிருந்தான். “ஒரே ஒரு தடவை போடு. பத்து நிமிடத்துக்குத் தொடாதே. போய் மைலோ கலக்கிக் குடி” என்றேன். தொலைபேசியை வைக்கவில்லை. கரண்டிச் சத்தம் கேட்டது. ஐந்தாவது நிமிடம் கத்தினான்: “மாமா, லோகோ!”

எப்போதுமே வேலை செய்யாத விசைப்பலகை

சின்னத்தைத் தொடர்ந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள் வந்தன. ஏதோ ஒய் அல்லது என் அழுத்தச் சொல்கிறதாம். அவன் அழுத்தினான், எதுவும் நடக்கவில்லை. “அப்டேட் கீபோர்டையும் கெடுத்துடுச்சு” என்றான்.

அவன் வைத்திருந்தது புளூடூத் விசைப்பலகை. புளூடூத் இணைப்பை நடத்துவது விண்டோஸும் அதன் இயக்கிகளும்தான். பெரும்பாலான மேசைக் கணினிகளின் பயாஸுக்கு அது தெரியாது. ஆக, அந்த விசைப்பலகை இந்தப் படியில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. இதுவரை தேவைப்படவில்லை, அதனால் தெரியவில்லை, அவ்வளவுதான். புதுப்பிப்புக்குப் பிறகு கண்ணில் படும் கோளாறு எல்லாம் புதுப்பிப்பால் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பண்டக அறையிலிருந்து பழைய கம்பி விசைப்பலகையைத் தேடி எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தில், தாய்ப்பலகையோடு நேராக இணைந்த யூஎஸ்பி துளையில் செருகச் சொன்னேன். முன்பக்கத் துளையையும் ஹப்பையும் இந்த நேரத்தில் தவிர்ப்பது நல்லது. ஹப் என்பது இடையில் இன்னொரு சாதனம். அதையும் பயாஸ் கண்டுபிடித்தாக வேண்டும். சில கணினிகளில் ‘விரைவுத் தொடக்கம்’ என்ற பயாஸ் அமைப்பு, நேரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி சோதனையையே தாண்டிவிடும். கம்பி விசைப்பலகையும் பேசாவிட்டால், கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கிறது; குழம்பிப்போன யூஎஸ்பி சுற்று அதைக் குடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கும். மிச்ச மின்னேற்றம் வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

இந்த இடத்தில் மருமகனுக்கு வேகம் பிறந்துவிட்டது. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, திரைக்கம்பி எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றிச் செருகலாமா என்றான். வேண்டாம் என்றேன். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி நினைவிருக்கிறதா? ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றி, கணினி எழுந்துவிட்டால், எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாது. எழாவிட்டால் இன்னும் மோசம். புதிதாக நீங்களே ஒரு தவறு செய்தீர்களா என்பதும் தெரியாது.

கம்பி விசைப்பலகை வேலை செய்தது. “அந்த வரிகளைப் படி” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒய்யை அழுத்திவிட்டான்.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

அந்த வரிகள் சொன்னது இது: செயலிக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பெட்டகம் மாறிப்போயிருக்கிறது, ஒய் அழுத்தினால் அது வெறுமையாக்கப்படும், சேமிப்பகம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் கணினி எழாது. ஒரு நிமிடம் கழித்து நீலத்திரை வந்தது. பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது. “நான் எந்தச் சாவியும் போடலையே!” என்றான். உண்மைதான். இப்போதைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடன் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

இது ஏன் நடக்கிறது? கணினி எழும்போது, ஒவ்வொரு நிரலையும் ஓட்டுவதற்கு முன் அதன் கைரேகை எடுக்கப்படுகிறது. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீடு, எவ்வளவு பெரிய நிரலையும் 256 பிட் எண்ணாகச் சுருக்கும். நிரலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இந்த எண்கள் டிபிஎம்-இல் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. எந்தெந்த எண்களைச் சரிபார்ப்பது என்று குறித்து, அந்த நிபந்தனையோடு சேமிப்பகத்தின் சாவி பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும். எண்கள் பொருந்தினால்தான் பெட்டகம் திறக்கும். திருடன் ஒருவன் பயாஸைத் திருத்தி உள்ளே நுழையப் பார்த்தால் எண் மாறும், பெட்டகம் மூடியே இருக்கும். நீங்கள் நல்லெண்ணத்தோடு பயாஸைப் புதுப்பித்தாலும் எண் மாறலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டிபிஎம்-க்குத் தெரியாது. பல நேரங்களில் புதுப்பிப்பு சிக்கலின்றி முடிந்துவிடும். மருமகன் விஷயத்தில் பெட்டகமே காலியாகிவிட்டதால் அந்த வாய்ப்பும் போனது.

அவனுடைய நண்பன் ஒருவன் இதற்குள் குறுஞ்செய்தியில் ஆலோசனை அனுப்பியிருந்தான்: விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடு, அரை மணி நேர வேலை. கணினி எழுந்திருக்கும், உண்மை. மூன்று மாத மழை போயிருக்கும். பிட்லாக்கர் வழக்கமாகப் பயன்படுத்தும் 128 பிட் சாவிக்கு எத்தனை வாய்ப்புகள் உண்டு என்று எழுதினால் 39 இலக்க எண் வரும். சாவி இல்லையென்றால் கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாப்டாலும் முடியாது. நீலத்திரை வந்தால் எதையும் அழிக்காதீர்கள். முதலில் சாவியைத் தேடுங்கள்.

மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. பெரும்பாலும் அது கணினியை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில், இணையத்தில் இருக்கும். வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். மருமகனின் கணக்கில் ஒன்றும் இல்லை. முகம் வாடிப்போயிருப்பான் என்று குரலிலேயே தெரிந்தது. “கம்ப்யூட்டர் வாங்கிய அன்று யார் கையால் பதிவு செய்தீர்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா” என்றான்.

அக்காவை எழுப்பினார்கள். அவளுக்குக் கடவுச்சொல் மறந்திருந்தது; அது தனிக் கதை. அவளுடைய கணக்கில் இரண்டு சாவிகள் இருந்தன, ஒன்று பழைய மடிக்கணினியுடையது. நீலத்திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுத்தோம். அவள் படிக்க அவன் தட்டினான். இரவு 11.40-க்கு விண்டோஸ் எழுந்தது.

எழுந்தபின் மிச்சமிருப்பவை

விண்டோஸ் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. புதுப்பிப்பு, பயாஸ் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருக்கக்கூடும். நினைவகத்தை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு அணைந்திருந்தால் கணினி சற்று மந்தமாகும். விசிறி முன்பைவிட அதிகமாகச் சத்தம் போடலாம். நாள், நேரம் பின்னோக்கிப் போயிருந்தால் இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி இன்னும் பழைய ஆண்டிலேயே இருந்தால், அவை பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இணையச் சேவைக்காரரைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

இவற்றில் கொடியது சேமிப்பக முறை. விண்டோஸ் ரெய்டு முறையில் நிறுவப்பட்டிருந்து, பயாஸ் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிட்டால், தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத்திரை திரும்பத் திரும்ப வரும். சேமிப்பகம் கெட்டுவிட்டது போலவே தோன்றும், ஆனால் கெட்டிருக்காது. பயாஸுக்குள் போய் முறையைப் பழையபடி மாற்றினால் போதும். பழைய முறை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தொல்லை. புதுப்பிப்பதற்கு முன் பயாஸ் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பவர்கள் மிகக் குறைவு. எடுத்து வைத்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

மருமகனின் அச்சுப்பொறி தெரியவில்லை. அவன் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தான், பயனில்லை. ‘மறுதொடக்கம்’ கொடுக்கச் சொன்னேன், வந்துவிட்டது. வேடிக்கையாக இருக்கிறதா? 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், ‘அணை’ என்று சொன்னாலும் விண்டோஸ் தன் உட்கருவின் நிலையைச் சேமிப்பகத்தில் எழுதி வைத்து, அடுத்தமுறை அதையே திரும்ப ஏற்றிக்கொள்கிறது. விரைவாக எழுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. சாதனங்களைப் பற்றிய பழைய நினைவும் கூடவே வந்துவிடும். மறுதொடக்கத்தில்தான் விண்டோஸ் எல்லாவற்றையும் புதிதாகத் தேடும்.

உண்மையிலேயே எழாதபோது

பத்து நிமிடம் காத்தும் சின்னமே வரவில்லை என்றால், அமைப்புகளை அழித்துப் பார்க்கலாம். தாய்ப்பலகைக் கையேட்டில் ‘கிளியர் சிமாஸ்’ என்று குறிக்கப்பட்ட இரண்டு ஊசிகளோ ஒரு பொத்தானோ இருக்கும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கியபின் கைவையுங்கள். அந்தக் காசு போன்ற மின்கலத்தைக் கழற்றும் பழைய வைத்தியமும் உண்டு. ஆனால் பல புதிய பலகைகளில் அமைப்புகள் நிலைபொருள் சில்லிலேயே எழுதப்படுவதால் அது எப்போதும் பலிப்பதில்லை. கழற்றினால் ஒன்று மட்டும் கவனம்: 3 வோல்ட் கொண்ட இந்த சிஆர்2032 மின்கலத்தைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தம்பி தங்கை இருக்கும் வீட்டில் மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

புதுப்பிப்பு பாதியில் மின்சாரம் போனதா? அப்போதுதான் கணினி உண்மையில் மாட்டிக்கொள்கிறது. நிலைபொருள் சில்லு ஃபிளாஷ் வகையைச் சேர்ந்தது. அதில் 1 என்ற பிட்டை 0 ஆக்குவது எளிது. 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமானால் ஒரு தொகுதி முழுவதையும் துடைத்தாக வேண்டும். ஆகவே புதியதை எழுதுமுன் பழையது அழிக்கப்படுகிறது. அழித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் மின்சாரம் நின்றால், செயலி தன் முதல் முகவரிக்குப் போய் வெறுமையைப் படிக்கும். நம் ஊரில் பிற்பகல் இடிமழையும், இடி இடித்தாலே விழும் மின்கசிவுத் துண்டிப்பானும் எல்லா வீட்டுக்கும் பழக்கம். இருண்டுவரும் வானத்தைப் பார்த்தபடி பயாஸைப் புதுப்பிக்காதீர்கள்.

வேண்டுமென்றே இப்படிச் செய்த நச்சுநிரலும் உண்டு. தைவான் கல்லூரி மாணவர் ஒருவர் 1998-இல் எழுதிய சிஐஎச், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு, தரவுகளை அழித்ததோடு பல கணினிகளின் பயாஸ் சில்லையும் குப்பையால் நிரப்பியது.

அன்றைக்குச் சில்லையோ பலகையையோ மாற்ற வேண்டியிருந்தது. இன்று பல மேசைக் கணினிப் பலகைகளின் பின்புறம் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற பொத்தான் இருக்கிறது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த விரலியில் பயாஸ் கோப்பை, கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறிப்பிட்ட துளையில் செருகி அழுத்தினால், செயலியின் உதவி இல்லாமலேயே சில்லு மறுபடி எழுதப்படும். சில பலகைகளில் மாற்றுச் சில்லு ஒன்று கூடவே உண்டு. இரண்டும் இல்லாத மடிக்கணினி என்றால், பழுதுபார்ப்பவரால் சில்லின் எட்டுக் கால்களையும் கவ்வி பிடித்து நேரடியாக எழுத முடியும். தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று உடனே விலை சொன்னால், சில்லை எழுதிப் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேளுங்கள்.

இவ்வளவு வம்பு எதற்கு, புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே என்று மருமகன் கேட்டான். எல்லா நேரமும் அது சரிவராது. தொடக்கத்தில் காட்டும் சின்னப் படத்தைப் படிக்கும் நிரலிலேயே ஓட்டை இருப்பதை 2023-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். லோகோஃபெயில் என்று அதற்குப் பெயர். 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் சிலவற்றுக்குத் தேவைக்கு மீறிய மின்னழுத்தம் போவது தெரியவந்தது. அதற்கான திருத்தம் பயாஸ் புதுப்பிப்பாகத்தான் வந்தது. அதைப் போடாதவரின் செயலி மெல்ல மெல்லக் கெடும் அபாயம் இருந்தது. வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். பாதுகாப்பு ஓட்டையோ உங்கள் செயலியின் கோளாறோ திருத்தப்பட்டிருந்தால் போடுங்கள். பக்க அழகு மாறியிருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். போடும் நாளில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், மடிக்கணினியென்றால் மின்னூட்டியைக் கழற்ற வேண்டாம்.

அன்றிரவு விண்டோஸ் எழுந்ததும் மருமகன் முதலில் மழைக் கோப்பைத் திறந்தான். எல்லா எண்களும் இருந்தன. ஒரு விரலியில் ஒரு நகல், அக்காவின் மடிக்கணினியில் இன்னொரு நகல் எடுத்தான். 48 இலக்கங்களை அக்கா ஒரு தாளில் எழுதி, மின்கட்டண ரசீதுகள் வைக்கும் கோப்பில் செருகி வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது: “மாமா, நேத்து ராத்திரி 32 மில்லிமீட்டர்.”